ஐந்தாம் பாகம் ஏமாற்றினால்



விரும்பிப் படித்து வந்த ஒரு தொடர்கதையின் பின் பாகம் நம்மை ஏமாற்றிவிட்டால் என்ன செய்வது? இதைப் பற்றித்தான் இன்று உங்களோடு பேசப் போகிறேன். 'சாமான் விலை ஏறிக் கிடக்கிற நேரத்தில் இது ஒரு பேச்சா?' என்று சிலர் நினைக்கலாம். ஆனால் ஒரு பிள்ளை புத்தகத்தைக் கையில் எடுப்பதும், இனி வேண்டாம் என்று கீழே போடுவதும் சில வேளைகளில் இந்தச் சின்ன விஷயத்தைப் பொறுத்தே அமைந்துவிடுகின்றன. அதை நான் கண்ணால் கண்டேன். அதனால்தான் பேச வந்தேன்.

என் வகுப்பில் ஆறாம் ஆண்டு படிக்கும் மாணவன் ஒருவன் இருக்கிறான். அவனுடைய அப்பா செம்பனைக் குலை வெட்டுகிறார். அம்மா உதிரிப் பழம் பொறுக்குகிறார். பையனுக்கு மாயக் கதைகள் என்றால் உயிர். மந்திரக் கிழவனும், அரக்கனும், பறக்கும் குதிரையும் வரும் ஒரு கதை வரிசையை மலாய் மொழியில் படித்து வந்தான். முதல் மூன்று புத்தகங்கள் பள்ளி நூலகத்தில் இருந்தன. நான்காவது இல்லை. அப்பா ஜோகூர் பாருவுக்குப் போனபோது 30 வெள்ளி கொடுத்து அதை வாங்கி வந்தார். அந்த வீட்டில் 30 வெள்ளி என்பது சிறிய தொகை அல்ல.

ஒரு வாரம் சென்றது. திங்கட்கிழமை காலையில் அந்தப் புத்தகத்தைக் கொண்டுவந்து என் மேசைமேல் வைத்தான்.

"நூலகத்துக்கே வச்சுக்குங்க டீச்சர். இனிமே நான் கதைப் புத்தகமே படிக்க மாட்டேன்."

"ஏன்ப்பா, என்ன ஆச்சு?"

"அரக்கனைக் கொல்ல ஒரு வாள் வேணும், வாள் வேணும்னு மூணு புத்தகமாச் சொன்னாங்க டீச்சர். நாலாவதிலே அந்த வாளைப் பத்திப் பேச்சே இல்ல. அந்தக் கிழவனும் வேற ஆள் மாதிரி பேசுறான். ஏமாத்திட்டாங்க."

வீட்டிலே இதைச் சொன்னபோது, "காசைக் கரியாக்கிட்டியே" என்று அம்மா ஏசியிருக்கிறார். அவர் ஏசியதிலும் தவறு சொல்ல முடியாது. ஆனால் பையன் அன்றைக்கு இரண்டு அடி வாங்கினான் என்று சொல்ல வேண்டும். கதை ஏமாற்றியது ஓர் அடி. அந்த ஏமாற்றத்தைச் சொன்னதற்குக் கிடைத்த ஏச்சு இன்னோர் அடி.

உடனே அவனுக்கு என்ன பதில் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. புத்தகத்தை வாங்கி வைத்துக்கொண்டேன். அன்று மாலை தம்போயில் என் வீட்டுக்குத் திரும்பும் வழியில், இதே ஏமாற்றம் எங்கள் லயத்து வீட்டில் நடந்தது நினைவுக்கு வந்தது.

எனக்கு அப்போது பத்து வயது இருக்கும். என் அம்மா பால்மரம் வெட்டியவர். விடியுமுன்னே பெரட்டுக்குப் போய், நிரை பிடித்து, வெயில் ஏறுமுன் வெட்டை முடிக்க வேண்டும். அம்மாவுக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். ஆனால் கதை கேட்பதில் அவரை மிஞ்ச ஆளில்லை. எங்கள் லயத்தில் ஒரு தாத்தா வீட்டில் கல்கியின் 'பொன்னியின் செல்வன்' நான்கு பாகங்கள் இருந்தன. ஐந்தாம் பாகத்தை யாரோ இரவல் வாங்கிப் போய்த் திருப்பித் தரவில்லை. இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு நான் வாசிப்பேன். அம்மாவும் பக்கத்து வீட்டு அத்தைமார் இருவரும் ஒட்டுப்பால் வாசனை போகாத கைகளோடு உட்கார்ந்து கேட்பார்கள்.

நேயர்களில் பலர் அந்தக் கதையை அறிவீர்கள். அறியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய சோழ நாடு. தஞ்சையில் சுந்தர சோழ மன்னர் நோயுற்றுக் கிடக்கிறார். அடுத்து முடி யாருக்கு என்பதே கேள்வி. மூத்த மகன் ஆதித்த கரிகாலன் கடம்பூர் மாளிகையில் ஆபத்தின் நடுவே இருக்கிறான். இளைய மகன் அருள்மொழிவர்மன் நாகப்பட்டினத்தில் சூடாமணி விகாரத்தில் மறைந்து இருக்கிறான். பிற்காலத்தில் இராஜராஜ சோழன் என்று பெயர் பெற்றவன் இவனே. இவர்களுக்கு இடையே ஓடித் திரிகிற வீரன் வந்தியத்தேவன். அவன் மனத்தில் இளவரசி குந்தவை. நான்காம் பாகம் முடியும்போது இத்தனையும் அந்தரத்தில் தொங்குகின்றன.

ஐந்தாம் பாகம் எங்களுக்குக் கிடைக்க இரண்டு வருடங்கள் ஆயின. அந்த இரண்டு வருடமும் மரத்தடியிலே கதை நடந்தது. பெரட்டுக் களத்தில் பேசுவார்கள். பால் நிறுக்கக் காத்திருக்கும்போது பேசுவார்கள். அருள்மொழிதான் ராஜா என்பார் அம்மா. குந்தவைக்கும் வந்தியத்தேவனுக்கும் ஊர் மெச்சக் கல்யாணம் என்பார் ஓர் அத்தை. நந்தினியை யானையை விட்டு மிதிக்க வைக்க வேண்டும் என்பார் இன்னோர் அத்தை. ஆளுக்கொரு முடிவு எழுதி வைத்துவிட்டார்கள்.

கடைசியில் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய் வந்துகொண்டிருந்த என் சித்தப்பா ஐந்தாம் பாகத்தை வாங்கி வந்தார். இரவு இரவாக வாசித்தேன். முடிவு வந்தது. அருள்மொழி தனக்கு வந்த முடியைத் தன் சிற்றப்பன் முறையாகிற சேந்தன் அமுதனுக்குச் சூட்டிவிட்டான். குந்தவையின் கல்யாணம் வரவில்லை. நந்தினிக்குத் தண்டனை இல்லை. அவள் எங்கோ போய்விட்டாள். கரிகாலனைக் கொன்றது இன்னார் என்று ஐயத்துக்கு இடமில்லாமல் சொல்லப்படவில்லை. வந்தியத்தேவன்மேல் ஆசை வைத்த மணிமேகலை என்ற பெண் இறந்துபோவதோடு கதை முடிந்தது.

நான் புத்தகத்தை மூடினேன். யாரும் பேசவில்லை. பிறகு அம்மா கேட்டார்:

"ஏண்டி, பின்னாலே இன்னும் பக்கம் இருக்கா பாரு. கிழிஞ்சு போச்சா?"

"இல்லம்மா. அவ்வளவுதான்."

"ரெண்டு வருஷம் காத்துக் கிடந்தது இதுக்குத்தானா?"

அந்த அத்தைமார் அதன்பிறகு பல வாரங்கள் கதை கேட்க வரவே இல்லை.

இப்போது சற்று நிதானமாகப் பார்ப்போம். ஏமாந்தது நாங்கள் மட்டும்தானா? இல்லை. 'பொன்னியின் செல்வன்' கல்கி இதழில் 1950 அக்டோபர் 29 முதல் 1954 மே 16 வரை வாரந்தோறும் வெளிவந்தது. மூன்றரை ஆண்டு. வாசகர்கள் எங்களைப் போலவே வாரம் முழுவதும் பேசிப் பேசி முடிவுகளைக் கட்டி வைத்திருந்தார்கள். கதை முடிந்ததும், 'திடீரென்று முடித்துவிட்டீர்களே' என்று பலர் ஆசிரியரிடம் குறைபட்டார்கள். கல்கி அதைக் கேட்டுக் கோபிக்கவில்லை. ஒரு முடிவுரை எழுதினார். வாசகர் எழுப்பிய கேள்விகளை வரிசையாக எடுத்துச் சுருக்கமாக விடை சொன்னார். கற்பனைக் கதையை எல்லாருக்கும் கல்யாணம் செய்து வைத்து முடித்துவிடலாம். சரித்திரக் கதையில் அது எளிதன்று, கதை நின்ற பிறகும் சரித்திரம் நடந்துகொண்டே இருக்கிறது என்ற கருத்தையும் சொன்னார்.

அந்த முடிவுரை ஐந்தாம் பாகத்தின் கடைசியிலேயே அச்சாகி இருக்கிறது. ஆனால் கோபத்தில் புத்தகத்தை மூடிய நான் அதைப் படிக்கவே இல்லை. பல ஆண்டுகள் கழித்து ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் சேர்ந்தபோதுதான் படித்தேன். அன்றைக்கு நான் சில கணக்குகளைப் போட்டுப் பார்த்தேன்.

முதற் கணக்கு: கல்கி அவசரப்பட்டு முடித்துவிட்டார் என்று நாங்கள் நினைத்தோம். ஐந்து பாகங்களின் அத்தியாயங்களை எண்ணினால் 57, 53, 46, 46, 91 என்று வருகின்றன. மொத்தம் 293. ஐந்தாம் பாகம்தான் எல்லாவற்றிலும் பெரியது. அப்படியானால் அவசரம் பாகத்தில் இல்லை. கடைசிச் சில அத்தியாயங்களில்தான் இருந்தது. ஏமாற்றம் எந்த இடத்தில் பிறந்தது என்று தேடாமல் பாகம் முழுவதையும் நாங்கள் தள்ளிவிட்டோம்.

இரண்டாவது கணக்கு: அருள்மொழி ஏன் முடி சூடவில்லை? வரலாற்றில் அப்போது முடி சூடியவர் உத்தம சோழர். அவருக்குப் பிறகு 985-ஆம் ஆண்டில்தான் இராஜராஜர் அரியணை ஏறினார். சிற்றப்பன் ஆள விரும்பியவரையில் அருள்மொழி அரசை விரும்பவில்லை என்று திருவாலங்காட்டுச் செப்பேடுகள் கூறுகின்றன. இதைக் கல்கி மாற்ற முடியாது. மாற்றவும் விரும்பவில்லை. ஐந்தாம் பாகத்துக்கு அவர் வைத்த பெயரே 'தியாக சிகரம்'. வாசலிலேயே எழுதி ஒட்டியிருந்தார். முடி சூட்டு விழாவுக்கு வந்தவர்களாகிய நாங்கள் அந்தப் பெயர்ப்பலகையைப் படிக்கவில்லை.

மூன்றாவது கணக்கு: குந்தவையின் கல்யாணம். இங்கே எங்கள் குறை நியாயமானது என்றே இன்றும் சொல்வேன். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டு, குந்தவைப் பிராட்டியாரை வல்லவரையர் வந்தியத்தேவரின் தேவியார் என்று சொல்கிறது. ஆகவே கல்யாணம் நடந்தது சரித்திரம். முதல் பாகத்திலிருந்து அந்த இருவரின் அன்பை வளர்த்துக் காட்டிய ஆசிரியர், கதைக்குள்ளே இரண்டு பக்கமாவது அதற்குக் கொடுத்திருக்கலாம். முடிவுரையில் சொன்னது பதில்தான்; கதையில் சொல்வது போல ஆகாது.

பார்த்தீர்களா, நேயர்களே! எல்லாம் ஒரே ஏமாற்றம் என்று நினைத்தோம். பிரித்துப் பார்த்தால் ஒன்று எங்கள் அவசர முடிவு. ஒன்று நாங்களே கட்டிய மனக்கோட்டை. ஒன்று ஆசிரியர் வைத்த பாக்கி. மூன்றுக்கும் ஒரே தீர்ப்பு சொல்லலாமா?

பயிற்சிக் கல்லூரி விடுமுறையில் வீட்டுக்கு வந்தபோது அந்த முடிவுரையை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். கதை நிற்கும், சரித்திரம் நிற்காது என்ற இடம் வந்ததும் அம்மா சொன்னார்:

"வெட்டுக் கோடு அடிமரத்துக்கு வந்துட்டா வெட்டு நிக்கும். மரமா நிக்குது? அந்தப் பக்கம் புதுப் பட்டையிலே மறுபடி தொடங்குவாங்க. இதை அன்னைக்கே வாசிச்சிருந்தா நான் இவ்வளவு வருஷம் கோவமா இருந்திருக்க மாட்டேனே!"

பிறகு, "முதல்லேருந்து வாசி" என்றார். அந்த விடுமுறைகளில் ஐந்து பாகத்தையும் மறுபடி வாசித்தோம். இந்த முறை அம்மா காத்திருந்தது அருள்மொழிக்காக அல்ல, சேந்தன் அமுதனுக்காக. நந்தவனம் வளர்த்து, பூப் பறித்து, மாலை கட்டிக் கோயிலுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கிற ஏழைப் பையன் அவன். முதல் தடவை அவன் முடி சூடியபோது, 'இவனுக்கா?' என்று வெறுத்தவர், இரண்டாம் தடவை, "பூக் கட்டுற புள்ள கையிலேதானே வந்து சேர்ந்திருக்கு, நல்லதுதான்" என்றார். புத்தகத்தில் ஓர் எழுத்தும் மாறவில்லை. முடிவு தெரிந்துவிட்டதால், முடிவுக்காக ஓடாமல் வழியெல்லாம் பார்த்துக்கொண்டு போனார், அவ்வளவுதான்.

இது தமிழ் வாசகர்களுக்கு மட்டும் உரிய அனுபவம் என்று எண்ணிவிடாதீர்கள். இங்கிலாந்தில் ஆர்தர் கோனன் டாயில் என்ற எழுத்தாளர் ஷெர்லாக் ஹோம்ஸ் என்ற துப்பறிவாளனைப் படைத்தார். எழுதி எழுதிச் சலித்துப்போய், 1893-ஆம் ஆண்டில் அவனை ஓர் அருவியில் விழ வைத்துக் கதையை முடித்துவிட்டார். கோபம் கொண்ட வாசகர்கள் ஆயிரக்கணக்கில் அந்தப் பத்திரிகைக்குச் சந்தாவை நிறுத்தினார்கள். பத்து ஆண்டுகள் கழித்து, 1903-இல், ஹோம்ஸ் சாகவில்லை என்று சொல்லி அவனைத் திரும்பக் கொண்டுவந்தார். எல்லாரும் மகிழ்ந்தார்களா? கார்ன்வால் கடற்கரையில் ஒரு படகோட்டி டாயிலிடமே சொன்னாராம்: ஹோம்ஸ் அந்தப் பாறையிலிருந்து விழுந்து சாகாமல் இருந்திருக்கலாம், ஆனால் அதற்குப் பிறகு அவன் பழைய ஆளாக இல்லை என்று. இதை மறைக்காமல் டாயிலே தம் வாழ்க்கை வரலாற்று நூலில் எழுதியிருக்கிறார்.

அந்தப் படகோட்டி பெரிய படிப்புப் படித்த விமர்சகர் அல்லர். துடுப்புப் போட்டுப் பிழைத்தவர். ஆனாலும் ஒரு பாத்திரம் மாறிவிட்டது என்று கண்டுகொண்டார். அதைப் படைத்தவரிடமே சொன்னார். 'அந்தக் கிழவன் வேற ஆள் மாதிரி பேசுறான்' என்று என் மாணவன் சொன்னதும் அதே சொல்தானே?

இன்னும் பழைய கதை ஒன்று. ஸ்பெயின் நாட்டில் செர்வான்டிஸ் என்பவர் 1605-ஆம் ஆண்டில் 'டான் குயிக்ஸாட்' என்ற நாவலின் முதற் பாகத்தை வெளியிட்டார். அதில் வேலைக்காரன் சாஞ்சோவின் கழுதை திருடு போகிறது. சில அத்தியாயங்கள் கழித்துப் பார்த்தால், கழுதை கிடைத்ததென்று சொல்லாமலே அவன் அதன்மேல் ஏறிப் போய்க்கொண்டிருக்கிறான்! ஆசிரியர் கவனம் பிசகிவிட்டார். வாசகர்கள் விடவில்லை. பத்து ஆண்டு கழித்து 1615-இல் வந்த இரண்டாம் பாகத்தில், கதைப் பாத்திரங்களே உட்கார்ந்து, 'அந்தக் கழுதை விஷயம் என்ன ஆயிற்று?' என்று பேசிக்கொள்கிறார்கள். தம் பிழையையே சிரிப்பாக்கிவிட்டார் செர்வான்டிஸ். நானூறு ஆண்டுகளுக்கு முன்னே கழுதையைக் கேட்டவர்களும், இன்றைக்கு வாளைக் கேட்கிற நம் பையனும் ஒரே இனம். அவர்கள் நல்ல வாசகர்கள்.

ஏமாற்றம் வேறொரு வழியாலும் வரும். அது நாம் படிக்கும் வரிசை. கல்கி 'பார்த்திபன் கனவு' கதையை 1941-இல் தொடங்கினார். 'சிவகாமியின் சபதம்' 1944-இல் தொடங்கியது. ஆனால் கதை நடக்கும் காலத்தைப் பார்த்தால் சிவகாமிதான் முந்தியது. காலப்படி படிக்கிறேன் என்று சிவகாமியை முதலிலும் பார்த்திபனைப் பின்னாலும் படிப்பவர்களுக்கு, பின்னது சிறுத்துத் தெரியும். பெரிய ஆற்றைப் பார்த்துவிட்டு வாய்க்காலைப் பார்ப்பது போல. வாய்க்காலின்மேல் குற்றம் இல்லை. அது முதலில் வெட்டப்பட்டது. எழுதிய வரிசையில் படித்தால் ஆசிரியரின் கை வளர்ந்த விதம் தெரியும்.

இப்போது திரைப்படத்துக்கு வருகிறேன். 'பொன்னியின் செல்வன்' படத்தின் முதற் பாகம் 2022 செப்டம்பர் 30-ஆம் நாளும், இரண்டாம் பாகம் 2023 ஏப்ரல் 28-ஆம் நாளும் திரைக்கு வந்தன. அம்மாவை அழைத்துக்கொண்டு போனேன். முதற் பாகத்தில் கைதட்டி மகிழ்ந்தார். இரண்டாம் பாகம் முடிந்து வெளியே வரும்போது முகம் வாடியிருந்தது.

"பூக்காரப் புள்ளைக்கு ஏண்டி முடி சூட்டலே?" என்றார்.

ஆமாம்; படத்தில் மதுராந்தகனுக்கே முடி போகிறது. சேந்தன் அமுதனின் பிறப்பு இரகசியம் விடப்பட்டுவிட்டது. ஐந்து பாகக் கதையை இரண்டு படங்களில் அடக்குகிறபோது எதையாவது விடத்தான் வேண்டும். நாவலைப் படிக்காதவர்களுக்கு அது குறையாகவே தெரியாது. ஆனால் நான் நினைத்துக்கொண்டது வேறு. ஒரு காலத்தில் சேந்தன் அமுதன் முடி சூடியதற்காக ஏமாந்தவர் என் அம்மா. இன்று அவன் முடி சூடாததற்காக ஏமாந்து நிற்கிறார். அப்படியானால் ஏமாற்றம் எல்லா நேரமும் கதையின் அளவு ஆகாது. நாம் எதை நெஞ்சில் சுமந்துகொண்டு போனோமோ, அதன் அளவாகவும் இருக்கிறது.

பெற்றோர்களே, மாணவச் செல்வங்களே! விரும்பிய கதையின் அடுத்த பாகம் ஏமாற்றினால் மூன்று கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள்.

முதற் கேள்வி: ஏமாற்றம் எந்த இடத்தில் தொடங்கியது? 'புத்தகமே மோசம்' என்று சொல்வது எளிது. எந்த அத்தியாயம், எந்தப் பக்கம், எந்தப் பாத்திரம் என்று விரல் வைத்துக் காட்டுங்கள். காட்ட முடிந்தால் நீங்கள் கவனமாகப் படித்தவர். காட்ட முடியாவிட்டால், அவசரத்தில் நுனிப்புல் மேய்ந்திருக்கலாம். அந்த இடங்களை இன்னொரு முறை பாருங்கள்.

இரண்டாம் கேள்வி: இது கதை தந்த வாக்கா, நானே கட்டிய கோட்டையா? மூன்று புத்தகங்களாக ஒரு வாளைப் பற்றிச் சொல்லிவிட்டு நான்காவதில் மறந்தால், அது ஆசிரியர் மீறிய வாக்கு. வாசகன் கேட்கலாம், கேட்க வேண்டும். 'என் மனத்துக்குப் பிடித்தவன் ராஜா ஆகவில்லை' என்பது அப்படியல்ல. அந்த வாக்கை யாரும் நமக்குத் தரவில்லை.

மூன்றாம் கேள்வி: மாறியது கதையா, நானா? முதல் புத்தகத்தைப் பத்து வயதில் படித்திருப்பீர்கள். நான்காவதைப் பன்னிரண்டில் படிக்கிறீர்கள். அந்த இரண்டு வருடத்தில் நீங்கள் எத்தனையோ கற்றுக்கொண்டீர்கள். பத்து வயதில் வாய் பிளந்து கேட்டது பன்னிரண்டு வயதில் சப்பென்று இருக்கலாம். போன தீபாவளிச் சட்டை இந்தத் தீபாவளிக்குப் பிடிப்பதால் சட்டை சுருங்கிவிட்டது என்றா சொல்வோம்?

பெற்றோர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. பிள்ளை வந்து 'இந்தப் புத்தகம் நல்லாவே இல்லை' என்று சொன்னால், செலவழித்த பணத்தை உடனே நினைக்காதீர்கள். அந்தப் பணம் வீணாகவில்லை. எது நன்று, எது குறை என்று பிரித்துச் சொல்லும் அறிவு உங்கள் வீட்டுக்குள் வந்திருக்கிறது என்று பொருள். நாளைக்கு ஓர் ஒப்பந்தத் தாளை, ஒரு சம்பளச் சீட்டை, ஒரு விளம்பரத்தைக் கையில் எடுக்கும்போதும் இதே கண்தான் வேலை செய்யும். 'முதலில் சொன்னது ஒன்று, பின்னால் செய்தது ஒன்று' என்று கண்டுபிடிக்கிற பிள்ளையை யாரும் எளிதில் ஏய்க்க முடியாது. ஆகவே ஏசாதீர்கள். உட்கார வைத்து, 'என்ன கதை? எங்கே கெட்டுப்போனது? சொல்லு, கேட்கிறேன்' என்று கேளுங்கள். உங்களுக்குப் படிக்கத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. கேட்கத் தெரிந்தால் போதும். என் அம்மா அப்படிக் கேட்டுத்தான் என்னைப் படிக்க வைத்தார்.

ஆனால் 'இனிமேல் படிக்கவே மாட்டேன்' என்று பிள்ளை சொன்னால், அதை மட்டும் விட்டுவிடாதீர்கள். ஒரு டுரியான் சொத்தையாக இருந்தால் அடுத்த பருவத்தில் டுரியான் வேண்டாம் என்று சொல்கிறோமா? வேறு பழத்தைத் தட்டிப் பார்த்து, முகர்ந்து பார்த்து எடுக்கிறோம். புத்தகமும் அப்படித்தான். ஒரு வரிசை சலித்தால் வேறு வரிசை. ஒரு மொழியில் கிடைக்காதது இன்னொரு மொழியில் கிடைக்கும். கல்கியின் நூல்கள் 1999-ஆம் ஆண்டில் தமிழ்நாட்டில் நாட்டுடைமை ஆக்கப்பட்டுவிட்டன. ஆகையால் பல பதிப்பகங்கள் அவற்றைக் குறைந்த விலையில் வெளியிடுகின்றன. ஐந்தாம் பாகத்துக்கு எங்களைப் போல இரண்டு வருடம் காத்திருக்க வேண்டிய நிலை இன்று இல்லை.

இன்னொரு வழியும் உண்டு. முடிவு பிடிக்கவில்லையா? நீங்களே எழுதிப் பாருங்கள். 'பொன்னியின் செல்வன்' நின்ற இடத்திலிருந்து அடுத்து என்ன ஆயிற்று என்ற ஆவல், விக்கிரமன் என்ற எழுத்தாளரை 'நந்திபுரத்து நாயகி' என்ற பெரிய நாவலையே எழுத வைத்தது. பிள்ளைகள் நாவல் எழுத வேண்டாம். இரண்டு பக்கம் எழுதினால் போதும். எழுதத் தொடங்கினால்தான் ஒரு கதையை முடிப்பது எவ்வளவு கடினம் என்பது விளங்கும்.

என் மாணவனிடம் இதைத்தான் செய்தேன். மறுநாள் அவனைக் கூப்பிட்டு, "நீ சொன்னது சரி. வாளை மறந்தது அந்த எழுத்தாளரின் தப்பு. நீ கண்டுபிடிச்சே பாரு, அது கெட்டிக்காரத்தனம்" என்றேன். அவன் அதை எதிர்பார்க்கவில்லை. 'படிக்காமல் இருக்காதே' என்று புத்தி சொல்வேன் என்று நினைத்துக்கொண்டு வந்திருக்கிறான். கழுதைக் கதையைச் சொன்னேன். சிரித்தான். "அப்படின்னா அந்த வாள் எங்கே போச்சுன்னு நீயே எழுதிக்கிட்டு வா" என்றேன்.

ஒரு வாரம் கழித்து இரண்டரைப் பக்கம் எழுதிக்கொண்டு வந்தான். வாள், அரக்கன் வீட்டு அடுப்படியிலேயே விறகு பிளக்கும் கத்தியாகக் கிடந்ததாம். நல்ல கற்பனை! ஆனால் அரக்கன் செத்தானா இல்லையா என்று எழுதாமலே முடித்துவிட்டான்.

"அரக்கன் என்ன ஆனான்?" என்று கேட்டேன்.

தலையைச் சொறிந்தான். "பக்கம் முடிஞ்சு போச்சு டீச்சர்."

"நான் ஏமாந்துட்டேன்ப்பா" என்றேன்.

தாளை வாங்கிக்கொண்டு போய் மறுபடி எழுதிக்கொண்டிருக்கிறான். அந்த நான்காம் புத்தகத்தையும் நேற்று என் மேசையிலிருந்து எடுத்துக்கொண்டு போனான். வாள் வரும் பக்கங்களை இன்னொரு தடவை பார்க்க வேண்டுமாம்.

இன்றிரவு உங்கள் வீட்டிலும் பிள்ளையைக் கூப்பிட்டுக் கேளுங்கள், எந்தக் கதை அவனை அல்லது அவளை ஏமாற்றியது என்று.